மறு: நுன்சாக்குக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? (பிணைகோல்?)

அனைவருக்கும் வணக்கம். நுன்சாக்கு என்பது இரண்டு குட்டைக் கோல்களைக் கயிற்றாலோ சங்கிலியாலோ பிணைத்த, ஜப்பானின் ஒகினாவாத் தீவு ஆயுதம். அதற்கும் அதன் உறுப்புகளுக்கும் இங்கே வந்த தமிழ்ப்பெயர் யோசனைகளுக்கு என் பதில்.

> "இரட்டைக்கம்பு" என்றே போட்டுவிடலாமே. யாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். சிலம்பத்தில் கைக்கொன்றாகப் பிடித்துச் சுற்றுவதைத்தான் இரட்டைக்கம்பு என்கிறார்கள். அங்கே இரண்டையும் எதுவும் கட்டிப்போடவில்லை. நுன்சாக்கில் அந்தக் கட்டுதான் விஷயமே. கயிற்றை அறுத்துவிட்டால் மிஞ்சுவது முழம்கூட வராத இரண்டு மரத்துண்டு.

> சீனத்தில் "இரு கணுக் கோல்" என்கிற பொருளில் எழுதுகிறார்கள். அதையே எடுத்துக்கொள்வோம்.

எனக்கும் முதலில் பிடித்திருந்தது. அவர்களுடைய எழுத்தும் மூங்கில் கணுவிலிருந்து வந்ததுதான். ஆனால் அங்கே எண்ணுவது துண்டுகளை. நமக்குக் கணு என்றால் இரண்டு துண்டு சேருகிற முட்டு, நுன்சாக்கில் அது ஒன்றே ஒன்று. இரு கணுவுக்கு இடைப்பட்ட துண்டான கரணையை வைத்து "இருகரணைக்கோல்" என்றால் கணக்கு சரியாகிவிடும், ஆயுதம் கரும்பாகிவிடும்.

அதனால் என் ஓட்டு பிணைகோலுக்கு. "இணைகோல்" என்று வந்த யோசனையைப் பார்த்ததும் எனக்கு வடிவியல் வகுப்பின் இணைகோடுதான் நினைவுக்கு வந்தது. நடுவில் க் வராது என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடலாம்: பிணைந்த, பிணைகிற, பிணையும் கோல், வினைத்தொகை. சுருள்வாள் மாதிரி. க் போட்டால் பிணைக்கைதியின் உறவினர் போல ஆகிவிடும்.

இரண்டு என்ற எண்ணைப் பெயரில் வைக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நியூயார்க் மாநிலம் 1974இல் இதைத் தடைசெய்தபோது சட்டத்தில் வைத்த பெயர் சூக்கா ஸ்டிக். (2018இல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாததாக்கியது.) அதன் வரையறை "இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட" துண்டுகள், வாராலோ கயிற்றாலோ சங்கிலியாலோ பிணைக்கப்பட்டவை என்றுதான் போகிறது. வக்கீல்களும் பிணைப்பில்தான் வந்து நின்றிருக்கிறார்கள். மூன்று துண்டு வகையை மூன்றுதுண்டுப் பிணைகோல் எனலாம். முக்கோல் என்று மட்டும் சுருக்க வேண்டாம், அது துறவிகள் கையில் ஏற்கெனவே இருக்கிறது.

சரி, பெயர் எளிது. உறுப்புகளுக்கு வருவோம். போன வாரம் என் பழைய ஜோடிக்குக் கயிறு மாற்றினேன், இங்கே பேசிய சொற்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. "மேல்முனை, கீழ்முனை" அங்கேயே தோற்றுவிட்டது. சுழலும் பொருளுக்கு மேல் எது, கீழ் எது? ஜப்பானியத்தில் கயிறு கட்டும் முனையைக் கோலின் தலை என்கிறார்கள். நமக்கு அதைவிட நல்ல சொல் இருக்கிறது: அடி, நடு, நுனி. கடையும்போதே பெரும்பாலும் கைப்பிடிப் பக்கம் தடித்து, கயிற்றுப் பக்கம் சிறுத்து வரும். மரத்துக்குச் சொல்வதை அப்படியே சொல்லலாம், கோல் எப்படித் திரும்பினாலும் மாறாது.

நுனியின் நடுவில் உள்ளே இறங்குவது நுனித்துளை. அதைப் பக்கவாட்டில் வெட்டிப் போவது குறுக்குத்துளை. இந்தச் சொற்களை வைத்து எழுதினால் இப்படி வருகிறது:

"கயிற்றைக் குறுக்குத்துளையின் ஒரு வாயில் விட்டு நுனித்துளை வழியே வெளியே இழுக்கவும். அடுத்த கோலின் நுனித்துளையில் நுழைத்து, குறுக்குத்துளையின் ஒரு வாயில் எடுத்து, கோலைச் சுற்றி மறுவாயில் விட்டு, நுனிக்கே கொண்டுவரவும். முதல் கோலுக்குத் திரும்பி, மிச்சமுள்ள வாயில் வெளியே எடுத்து இரு முனைகளையும் முடிச்சிடவும். விரித்த உள்ளங்கைமேல் கயிற்றைப் போட்டால் இரண்டு கோலும் இருபுறமும் நேராகத் தொங்க வேண்டும்."

எங்கும் இடறவில்லை. "துளைவாய்" என்ற சொல் மட்டும் தானாக வந்து சேர்ந்தது, அதை விடமாட்டேன். ஏனென்றால் கயிறு அறுவது நடுவில் அல்ல, துளைவாயில். முதன்முதலில் நானே செய்த ஜோடியில் துளை போட்டதோடு விட்டுவிட்டேன். கூரான விளிம்பு கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அராவியிருக்கிறது. ஒருநாள் சுழற்றும்போது ஒரு கோல் கையில், இன்னொன்று கதவில். எடுத்துப் பார்த்தால் நுனித்துளை ஓரத்தில் சுற்றிலும் பிசிறு. இப்போதெல்லாம் உருண்டை அரத்தால் துளைவாயை மழுக்கி, உப்புத்தாள் போட்டு, விரலை விட்டுத் தடவிப் பார்த்த பிறகுதான் கயிறு.

> ஹிமோவுக்கு "பிணைசரடு", கயிறு மாற்றுவதற்கு "மறுகோப்பு".

ஹிமோ என்றால் ஜப்பானியத்தில் வெறும் கயிறுதான். துளைக்கும் அனா என்ற சாதாரணச் சொல்லே. ஒகினாவாக்காரர்களுக்குப் போதுமான கயிறு நமக்கு மட்டும் ஏன் போதாது? மறுகோப்பு என்றதும் எனக்கு அலுவலக அலமாரிதான் தெரிகிறது. "கயிறு மாற்றுதல்" போதும்.

ஒன்று மட்டும் பாக்கி. சங்கிலி வகையில், கோலின் நுனியில் பேரிங் குண்டுகள் வைத்துத் தனியே சுழல்கிற உலோகப் பூண் இருக்கிறதே, அதற்குச் "சுழல்பூண்" என்று எழுதி வைத்திருக்கிறேன். பூண் என்றால் அசையாமல் இறுக்கியது என்று நினைப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள், மாற்றிவிடலாம்.