ஐஇபி மீட்டிங்குக்கு அம்மாமார் வர முடியல, எந்த நாளு எந்த நேரம் வைக்கது?

முக்கூடல் டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். நான் வட்டார வள மையத்துல மாற்றுத்திறன் பிள்ளைங்களுக்கு சிறப்பாசிரியரா இருக்கேன், 5 பள்ளிக்கூடம், 17 பிள்ளைங்க. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐஇபி, அதாவது அந்தப் பிள்ளைக்குன்னே தனியா எழுதுற படிப்புத் திட்டம், போடணும்னா பெத்தவங்கள உக்கார வச்சி பேசணும்லா, அதான் பெரும்பாடா இருக்கு. வியாழக்கிழமை காலைல 11 மணின்னு சீட்டு குடுத்து விட்டேன், வந்தது மூணே பேரு. பாதிப் பேரு பீடி சுத்துதவங்க, அன்னன்னைக்கு சுத்தி கடைல ஒப்படைச்சாத்தான் கூலி, அவங்கள குறை சொல்ல முடியாது. அதுக்காக நானே எழுதி வச்சிட்டு கையெழுத்து மட்டும் வாங்கவும் மனசு ஒப்பல. நீங்கள்லாம் எப்பிடி செய்யுதீங்க?

அம்பை அக்கா:
டீச்சர், 17 பேரையும் ஒரே நாள்ல கூப்பிடாதீங்க. ஒரு பிள்ளையப் பத்தி இன்னொரு அம்மா முன்னால பேசுறது தப்பு, அதுக்குப் பயந்தே சிலபேரு வரமாட்டாங்க. ஒரு பிள்ளைக்கு அரை மணி நேரம், நாளுக்கு ரெண்டு இல்ல மூணு, அதுக்கு மேல போனா நமக்கே கவனம் நிக்காது. பிசியோதெரபிக்கு பிள்ளைய தூக்கிட்டு சென்டருக்கு எப்பிடியும் வாராங்கல்ல, அன்னைக்கே அந்தப் பிள்ளைக்கு மீட்டிங்க முடிச்சிருங்க, இன்னொரு நாள் கூலிய விட வேண்டாம். மத்தவங்களுக்கு பீடி ஒப்படைச்சிட்டு வர்ற நேரம் எதுன்னு அவங்ககிட்டயே கேட்டு வைங்க. எங்க பக்கம் ஐப்பசி கார்த்திகைல பிசான நெல்லு நடவு, அப்ப காலைல யாரும் கிடைக்க மாட்டாங்க. ஊர்ல கோயில் கொடை இருக்கிற வாரமும் வேண்டாம். சீட்டு பிள்ளை பைக்குள்ளயே கிடக்கும், மொத நாளு சாயங்காலம் போன் பண்ணிருங்க. அப்பா வெளியூர்ல இருந்தா வீடியோ கால்ல சேத்துக்கலாம், பிள்ளைய வளக்கது ஆச்சின்னா ஆச்சியத்தான் கூப்பிடணும்.

ஒரு அம்மா, மேலப்பாளையம்:
நான் பெத்தவ பக்கத்துல இருந்து சொல்லுதேன். எம் மவனுக்கு அறிவுத்திறன் குறைபாடு. மொத பள்ளிக்கூடத்துல மீட்டிங்னு கூப்பிட்டாங்க, நாலு பேரு உக்காந்து அவனுக்கு இது வராது அது வராதுன்னு வரிசையா சொன்னாங்க, கடைசில இங்க கையெழுத்து போடுங்கன்னாங்க, நான் வாசிக்காமலே போட்டுட்டு வந்து வீட்ல அழுதேன், அடுத்த தடவ போகவே இல்ல. பொறவு வேற பள்ளிக்கூடம் மாத்தினோம், அங்க உள்ள சிறப்பு டீச்சர் மொதல்ல கேட்டதே, வீட்ல என்னெல்லாம் செய்வான்னுதான். ராத்திரி சாப்பாட்டுக்கு நாலு தட்டு எடுத்து வச்சி ஆளுக்கொரு தம்ளரும் வைப்பான்னு சொன்னேன். அது எண்ணிக்கையோட தொடக்கம்தான், நாம இங்கேருந்தே ஆரம்பிப்போம்னாங்க. எனக்கு அன்னைக்குத்தான் இந்தப் பிள்ளைக்குப் படிப்பு உண்டுன்னு தோணிச்சி. நேரம் ஒத்து வரலன்னு நாங்க சொல்லுறதுல பாதி, வந்தா என்ன கேக்க வேண்டி வருமோன்னுதான் டீச்சர். என்ன எழுதப் போறீங்கங்கத ரெண்டு நாளு முன்னாலயே வாயால சொல்லிருங்க, யோசிச்சிட்டு வருவோம்.

நெல்லை ஹெச்எம்:
அந்தம்மா சொன்னது என் மனசத் தொட்டுட்டு. என் பங்குக்கு ஒண்ணு. யுடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை), மெடிக்கல் சர்டிபிகேட்டு சோலியெல்லாம் இந்த மீட்டிங்குல கலக்காதீங்க, பேப்பரு தேடுறதுலயே அரை மணி நேரமும் போயிரும், பிள்ளையப் பத்தி பேச நேரமிருக்காது. அதுக்கு மருத்துவ முகாம் நாளு இருக்கு. ஆனா எட்டு ஒம்பதாங் கிளாசு பிள்ளைன்னா மட்டும் ஞாபகப்படுத்திருங்க, பத்தாங் கிளாசு பரீட்சைல கூடுதல் ஒரு மணி நேரம், சொல்லச் சொல்ல எழுதுற ஆளு, மொழிப்பாட விலக்கு இதெல்லாம் வாங்க சர்டிபிகேட்டு வேணும், கடைசி நேரத்துல ஓடினா தவிச்சிப் போவாங்க. குறைபாடு 40 சதவீதம் வரலன்னு சர்டிபிகேட்ட பாத்துட்டு திட்டமே போடாம விடுறதும் நடக்கு. பிள்ளைக்கு கஷ்டம் இருந்தா வகுப்புல அதுக்கு வழி பண்ணியே ஆகணும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை குறைபாடு இருக்கு, அதுல படிக்கதுல வர்ற குறிப்பிட்ட கஷ்டமும் சேத்திதான். வகுப்பு டீச்சர மொத பத்து நிமிசமாவது கட்டாயம் உக்கார வைங்க, தினமும் பிள்ளையோட இருக்கது அவங்கதான்.

முக்கூடல் டீச்சர்:
ரொம்ப நன்றி. மேலப்பாளையம் அம்மா, நீங்க எழுதினத ரெண்டு தடவ வாசிச்சேன். என் சீட்டுல "தவறாது வரவும்"னு போட்டிருந்தேன், அத மாத்துதேன். தெரபிக்கு வர்ற ஆறு பேரு போக மிச்சப் பேருக்கு நேத்துல இருந்து போன் பண்ணிட்டிருக்கேன், உங்களுக்கு எப்ப தோதுப்படும், பிள்ளை வீட்ல என்ன செய்யும்னு ரெண்டே கேள்வி. ஒரு அம்மா சாயங்காலம் அஞ்சரைக்கு மேல வீட்டுக்கே வரச் சொல்லிருக்காங்க. பிள்ளை ஆட்டுக்குட்டிய பேரு சொல்லிக் கூப்பிடுவானாம், பள்ளிக்கூடத்துல இதுவரைக்கும் அவன் குரல நான் கேட்டதில்ல. நாளைக்கு போறேன்.