புதுப்பிப்பு: சிவப்பணு எதை வைத்துப் பிழைக்கிறது?

முதலாமாண்டு செல் உயிரியல் பாடத்தில் எழுந்த சந்தேகத்தை முன்பு இங்கே கேட்டிருந்தேன். மனித இரத்தச் சிவப்பணு முதிரும்போது உட்கருவையும், செல்லுக்கு ஆற்றல் தயாரித்துத் தரும் மைட்டோகாண்ட்ரியாவையும் இழந்துவிடுகிறதே, அப்புறம் அதற்கு ஆற்றல் ஏது? பதில் சொன்னவர்களுக்கு நன்றி. நூலகத்தில் உட்கார்ந்து படித்ததில் இப்போது தெளிவு கிடைத்துவிட்டது.

கிளைக்காலிசிஸ்தான் வழி, அதாவது குளுக்கோஸை உடைத்து ஆற்றல் எடுப்பது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்கு நிகரமாக 2 ஏடிபி (செல் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறு). சொற்ப வருமானம்தான், ஆனால் அதற்கு ஆக்சிஜனே வேண்டாம். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்: மூட்டை மூட்டையாகச் சுமந்துபோகும் ஆக்சிஜனைத் தன் ஆற்றலுக்காக அது தொடுவதே இல்லை. குளுக்கோஸை உடைத்தபின் மிஞ்சும் லாக்டேட் என்ற பொருள் கல்லீரலுக்குப் போய் மறுபடியும் குளுக்கோஸாகிறது. கிடைக்கும் ஏடிபி, செல் சவ்விலுள்ள, சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்பை ஓட்டுகிறது; அது நின்றால் செல் வீங்கிவிடும்.

உட்கரு இல்லாததால் பழுதான புரதங்களுக்குப் பதில் புதிதாகச் செய்துகொள்ள முடியாது. ஆயுள் சுமார் 120 நாள்தான்.

பறவைகளின் சிவப்பணுவில் உட்கரு அப்படியே இருக்குமாம். சரி, கோழி இரத்த ஸ்லைடு ஒன்று காட்டச் சொல்லி ஆய்வகத்தில் கேட்டிருக்கிறேன்.