கஞ்சா ஓட்டுநர் வரம்பு: சீரத்தை முழு இரத்தமாக மாற்றும் விகிதம் எது?

நஞ்சியல் ஆய்வகத்தில் இருப்பவர்கள் யாராவது கைகொடுங்கள். நாடுவாரியாக ஓட்டுநர்களுக்கான டிஎச்சி (கஞ்சாவில் போதை தரும் பொருள்) வரம்புகளை ஒப்பிடும் அட்டவணை ஓரிடத்தில் முட்டி நிற்கிறது. ஜெர்மனி 2024 ஆகஸ்டில் மில்லிலிட்டருக்கு 1 நானோகிராமை 3.5 ஆக்கியது, அது சீரத்தில் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) அளப்பது. கனடாவின் 2, 5 என்ற இரு வரம்புகளும் முழு இரத்தத்தில். டிஎச்சி சிவப்பணுக்களுக்குள் அதிகம் நுழையாததால் சீரத்தில் எண் கூடுதலாக வரும். சீரத்துக்கும் முழு இரத்தத்துக்குமான விகிதம் 2 என்று கொண்டு 3.5-ஐ வகுத்தால் 1.75, கனடாவின் கீழ்வரம்புக்கும் கீழே. 1.6-ஆல் வகுத்தால் 2.19, மேலே போய்விடுகிறது! ஜெர்மனி ‘தாராளம்’ என்று எழுதுவோர் இதைக் கவனிப்பதே இல்லை.

நீங்கள் எந்த விகிதத்தை எடுக்கிறீர்கள்? ஹீமட்டோகிரிட்டுக்கு (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) திருத்தம் உண்டா? தினமும் புகைப்பவர் நிறுத்திச் சில நாளாகியும் கொழுப்பிலிருந்து கசியும் டிஎச்சியை, அன்று புகைத்ததிலிருந்து எப்படிப் பிரிக்கிறீர்கள்? சிறுநீர்ச் சோதனை வேண்டாம். அது பழைய பயன்பாட்டைத்தான் காட்டும்.