எம்ஜிபி ஹெட்லைட்டுக்கு ரிலே போடணும்: சில சந்தேகங்கள்

வண்டி 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர், பழைய பிரிட்டிஷ் திறந்த கார். 7 அங்குல சீல்டு பீம் (பல்பைத் தனியாக மாற்ற முடியாத ஒரே துண்டு) விளக்கைக் கழற்றிவிட்டு எச்4 ஹாலோஜன் (ஹை பீம் 60, லோ பீம் 55 வாட்) போடுவதாகத் திட்டம். 100/90 வாட் பல்பு வேண்டவே வேண்டாம். மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரே 34 ஆம்பியர்தான். ஹாலோஜன் ரிஃப்ளெக்டருக்குள் எல்இடி பல்பைத் திணிப்பதும் சரிவராது, எதிரே வருபவர் கண்தான் கூசும்.

உண்மையான சிக்கல் வயரிங். இதில் தொழிற்சாலை ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) கிடையாது. முழு மின்னோட்டமும் டேஷ்போர்டு சுவிட்ச், ஸ்டீயரிங் பக்க டிப்பர் (ஹை/லோ மாற்றும்) சுவிட்ச், துருப்பிடித்த புல்லட் கனெக்டர்கள் எல்லாம் தாண்டித்தான் பல்புக்குப் போகிறது. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட், பல்பு முனையில் 11.9. வெளிச்சத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் அங்கேயே போச்சு.

என் திட்டம்: ஹை, லோ இரண்டுக்கும் தனித்தனியாக 30 ஆம்பியர் ரிலே. பழைய நீலம்-வெள்ளை (ஹை), நீலம்-சிவப்பு (லோ) வயர்கள் ரிலேயை இயக்கும் 86-ஆம் முனைக்கு, 85 எர்த்துக்கு, பல்புக்குப் போகும் 87-இலிருந்து 2.5 சதுர மி.மீ. வயர், பல்பின் ஒவ்வொரு இழைக்கும் தனி 10 ஆம்பியர் ஃபியூஸ். ஒரே ஃபியூஸ் போட்டால், அது போகும்போது வளைவில் இரண்டு விளக்கும் சேர்ந்து அணையும். எர்த்தும் புதிதாக, நேராக பாடிக்கு.

கேட்க வேண்டியவை: பேட்டரிகள் சீட்டுக்குப் பின்னால் இருப்பதால், ரிலேக்குள் மின்சாரம் வரும் 30-ஆம் முனைக்கான சப்ளையை ஸ்டார்ட்டர் சாலினாய்டில் (ஸ்டார்ட்டர் மோட்டாரின் சுவிட்ச்) எடுப்பதா, ஆல்டர்னேட்டரிலா? ரிலேக்களைத் தண்ணீர் படாமல் எங்கே பொருத்தினீர்கள்? எச்4 பல்பின் பின்புற ரப்பர் மூடி (பூட்), விளக்கு உட்காரும் பழைய கிண்ணத்துக்குள் (பவுல்) இடிக்காமல் உட்காருகிறதா? இடதுபக்கப் போக்குவரத்துக்கான லென்ஸில், பைலட் விளக்குத் (சிறு பார்க்கிங் பல்பு) துளையோடு எதை வாங்கலாம்?