புதுப்பிப்பு: பூச்சிமருந்து தெளிக்கும் அப்பாவுக்கு எஸ்ஜிபிடி (கல்லீரல் பாதித்தால் ரத்தத்தில் ஏறும் என்சைம்) ஏறிய விஷயம்

பல வருஷமாக வயலில் ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து தெளிக்கிற அப்பாவுக்கு எஸ்ஜிபிடி ஏறியிருக்கிறதே, மருந்துதான் காரணமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. ஹெபடைடிஸ் பி, சி இல்லை, குடியும் இல்லை, ஸ்கேனில் லேசான கொழுப்புக் கல்லீரல். கைகொடுத்தது, கோலினெஸ்டரேஸ் (இந்த வகை மருந்து உடம்பில் ஏறினால் ரத்தத்தில் குறையும் என்சைம்) பாருங்கள், தெளிப்பதை நிறுத்திவிட்டு மறுபடி எடுங்கள் என்ற யோசனைதான். எதிர்பாராதது: பிளாஸ்மா (ரத்தத்தின் திரவப் பகுதி) கோலினெஸ்டரேஸ் கல்லீரலில்தான் உற்பத்தியாகிறது, அதனால் கல்லீரல் கெட்டிருந்தாலும் அது குறையுமாம், அதை மட்டும் வைத்து மருந்தைக் குற்றம் சொல்ல முடியாது என்று, கல்லீரலைச் சாராத சிவப்பணு கோலினெஸ்டரேஸும் எடுக்கச் சொன்னார் டாக்டர். அதுவும் குறைவு. நிறுத்தியபின் எஸ்ஜிபிடி இறங்கிவிட்டது, சிவப்பணு அளவு மெதுவாகத்தான் ஏறுகிறது. கொழுப்பு அப்படியே இருக்கிறது. அப்பாவுக்கு இருக்கும் சர்க்கரை நோயாலும் கொழுப்பு சேரலாம் என்பதால் அதை மருந்தின் தலையில் கட்ட டாக்டர் தயாரில்லை. அப்புறம், மாஸ்க் மட்டும் போதாது, தெளிக்கும்போது தோல் வழியாகத்தான் நிறைய உள்ளே போகிறது.