அப்டேட்: அந்த ஜோர்டன் கார்டு மேட்டர்

போன வாரம் கேட்டேன்ல, என்கிட்ட இருக்கிற கோபி பிரயன்ட் பாஸ்கெட்பால் கார்டு ரெண்டையும் குடுத்துட்டு, 1986ல ஃப்ளீர் கம்பெனி போட்ட செட்ல வர்ற மைக்கேல் ஜோர்டன் கார்டு வாங்கலாமான்னு, அத வாங்கல.

நீங்க சொன்ன மாதிரியே லென்ஸ் எடுத்துட்டுப் போய்ப் பாத்தேன், ஒரிஜினல்ல பேரு எழுத்தெல்லாம் மை அப்படியே அழுத்தமா இருக்கணும், இதுல எழுத்துக்குள்ளயே புள்ளி புள்ளியா தெரியுது, அப்பவே புரிஞ்சுபோச்சு ஸ்கேன் பண்ணி அடிச்சதுன்னு. அந்த செட்ல இருக்கிற 132 கார்டுலயே அதிகமா டூப் அடிக்கிறது இந்த 57ஆம் நம்பரைத்தான், அது தெரிஞ்சும் ஆசை யார விட்டுச்சு. சைடு வேற கத்தரிச்ச மாதிரி இருந்துச்சு.

வித்தவரு "கிரேடிங்குக்கு (ஒரிஜினலான்னு செக் பண்ணி மார்க் போடுற இடத்துக்கு) அனுப்பினா காசு வேஸ்ட்டு தம்பி"ன்னாரு பாருங்க, சிரிப்ப அடக்க முடியல. கோபி ரெண்டும் பத்திரமா பிளாஸ்டிக் ஸ்லீவ்லயே இருக்கு.