பழைய கஸ்கெற்றைத் திரும்பப் போடலாமா? (ஹொண்டா சீ.டி. 125)

கோண்டாவிலான்:
வணக்கம் அண்ணைமார். அப்பாவின் ஹொண்டா சீ.டி. 125, இரட்டைச் சிலிண்டர், எழுபதுகளில் வந்தது. கிளட்ச் பிளேற் மாற்றவென்று வலப்பக்கக் கவரைக் கழற்றினேன், புகையும் வருகிறதே என்று அப்படியே சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டையும் இறக்கிவிட்டேன். கவருக்கு இடையில் கசியாமல் வைக்கும் தாளான கவர் கஸ்கெற் கிழியாமல் முழுசாக வந்துவிட்டது. ஹெட் கஸ்கெற்றும் பார்க்க நல்லாகத்தான் இருக்கிறது, சிலிண்டர் வாயைச் சுற்றியுள்ள தகட்டு வளையத்தில் ஓரிடம் மட்டும் கறுத்திருக்கிறது. ஸ்ரான்லி வீதியில் கேட்டால் இந்த மொடலுக்கு இல்லை, கொழும்பில் பஞ்சிகாவத்தையில் தேடிப்பாரும் என்கிறார்கள். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்னம் ஓட்டவேணும். இரண்டையும் துடைத்து, சிலிக்கோன் பூசிப் பூட்டினால் என்ன?

பழைய இரும்பு:
தம்பி, இரண்டையும் ஒரே கேள்வியாகக் கேட்காதேயும். கவர் கஸ்கெற் மறிப்பது ஒயிலை, கசிந்தால் வாசலில் கறை படும், அவ்வளவுதான். ஹெட் கஸ்கெற் மறிப்பது வெடிப்பின் அமுக்கத்தை. அது முதல்தரம் இறுக்கும்போதே நசுங்கி, மேலும் கீழும் உள்ள மேடுபள்ளத்துக்கு ஏற்றபடி படிந்துவிடும், கழற்றித் திரும்ப வைத்தால் அதே இடத்தில் உட்காராது, இன்னொருதரம் நசுங்க அதில் மிச்சமும் இல்லை. கறுத்திருக்கிறது என்றீரே, அது காற்று வெளியேறிய வழி. அதைக் குப்பையில் போடும்.

சிலிக்கோனை ஹெட்டுக்குக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம். பிதுங்கி உள்ளே நிற்கும் துண்டு கழன்று, மேலே வால்வைத் திறக்கும் கேம் பக்கம் ஒயில் ஏறும் துவாரத்தை அடைத்தால் பிறகு ஹெட்டையே தேடவேண்டிவரும். அவசரம் ஏன்? திருவிழாவுக்குக் கோயிலடி வீதியில் எப்படியும் வாகனம் விடமாட்டார்கள்.

நிலாவரை:
தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை நேரம், நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடின ஊர் இது. கஸ்கெற் இல்லையென்று யார் நின்றது? கொப்பி மட்டையையும் பெட்டி மட்டையையும் வெட்டிப் போட்டு ஓடினோம். பழசே முழுசாக இருக்கும்போது ஏன் காசைக் கரைக்கிறீர்?

பழைய இரும்பு:
அண்ணை, மட்டை வெட்டியது கவருக்கும் காபரேற்றருக்கும்தானே. ஹெட்டுக்கு மட்டை போட்டு ஓடியவர் இருந்தால் சொல்லுங்கோ, கும்பிடுகிறேன்.

கவருக்கு நீங்கள் சொல்வது சரி. கிழிசல், மடிப்பு இல்லையென்றால் பழசையே மெல்லிசாகக் கிறீஸ் தடவிப் போடலாம். அல்லது கஸ்கெற் தாள் வாங்கி வெட்டலாம்: தாளைக் கவரின் மேல் விரித்து, முதலில் இரண்டு துவாரத்தைத் தட்டி எடுத்து போல்ற் செருகிக்கொண்டால் நகராது, பிறகு உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்பு நெடுக மெல்லத் தட்டத் தட்டத் தாள் தானாக வெட்டுப்படும். ஓங்கி அடித்தால் அலுமினிய விளிம்புதான் மழுங்கும். தாளின் தடிப்பு பழசின் நசுங்காத இடத்தில் அளந்த தடிப்பாக இருக்கவேணும்.

தட்டாதெருச் சந்தி:
எல்லா ஹெட் கஸ்கெற்றும் குப்பைக்கு என்று எழுதிவிடாதையுங்கோ. என்னிடம் இருப்பது பழைய ட்ரையம்ப் 650, அதில் முழுச் செம்புத் தகடு. அதைத் திரும்பப் போடலாம், ஆனால் அமுங்கி அமுங்கிச் செம்பு இறுகியிருக்கும், பதப்படுத்தாமல் போட்டால் ஊதும், அதாவது அமுக்கம் கசியும். மங்கின சிவப்பாகும் வரை சூடாக்கி நீரில் அமிழ்த்தினால் இளகிவிடும். உருக்கை அப்படிச் செய்தால் இறுகும், செம்புக்கு அந்தக் குணம் இல்லை, சும்மா ஆறவிட்டாலும் அதே பதம்தான், நீரில் போட்டால் மேலே படிந்த கறுப்பு உரியும் என்பது ஒரு வசதி. நான் நகைவேலை செய்கிற பத்தர் ஒருவரிடம் கொண்டுபோனேன். ஓரிடத்தில் நிற்காமல் சுடரைச் சுற்றிச் சுற்றி ஓட்டி, தகடு முழுக்க ஒரே சிவப்பாக எடுத்தார், நான் ஒன்றும் விளக்கவில்லை. போகும்போது நிலத்தில் போட்டால் கிண் என்ற தகடு வரும்போது தொப்பென்று விழுந்தது. வாய் விளிம்பில் கீறலோ வெடிப்போ இருந்தால் மட்டும் இந்த வேலை சரிவராது.

தம்பியின் சீ.டி.யில் இருப்பது நடுவில் நார்ப்பொருள் வைத்த கலவை, அதைச் சூடாக்கப் போகாதேயும். ஒயில் வடிக்கும் போல்ற்றில் செம்பு வாசர் இருந்தால் அதில் செய்துபாரும்.

இன்னொன்று, அந்தக் காலத்துக் கஸ்கெற்றில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். ஒட்டியிருப்பதைக் காய்ந்தபடி அரத்தாளாலோ வயர் பிறஷாலோ தேய்க்க வேண்டாம், ஒயில் விட்டு நனைத்துச் சுரண்டி எடும், தூசு பறக்கக் கூடாது.

கோண்டாவிலான்:
சரி அண்ணை, மச்சான் கொழும்பில்தான் நிற்கிறான், ஹெட்டுக்குப் புதிசு தேடச் சொல்லிவிட்டேன். கவருக்குத் தாள் வெட்டிப் பார்க்கிறேன். பூட்டும்போது வேறென்ன கவனிக்கவேணும்?

பழைய இரும்பு:
தடித்த கண்ணாடியில் ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் எங்காவது நுழைகிறதா பாரும். வளைந்திருந்தால் புதுக் கஸ்கெற்றும் ஊதும். ஒயில் துவாரத்து ரப்பர் வளையமான ஓ றிங்கையும் மாற்றும். நட்டுகளை நடுவிலிருந்து குறுக்கும் நெடுக்குமாக, மூன்று சுற்றில் இறுக்கும், கடைசி அளவு மனுவலில் உள்ளபடி. புகை நீலமாக இருந்தால் கஸ்கெற் மாற்றியும் நிற்காது. காலையில் முதல் உதையில் வந்து மறைந்தால் வால்வ் பக்கம், இழுவையில் விடாமல் வந்தால் பிஸ்ரன் றிங். ஹெட் கீழே இருக்கும்போதே இரண்டையும் பாரும், மச்சான் கடையில் நிற்கும்போது சொன்னால் ஒரே பார்சலில் வந்துவிடும்.